டிவிஆரில் இருந்து எடுத்த பதிவு போனில் திறக்கவில்லை: எம்பி4 ஆக்குவது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: ஆறு நாள்களுக்கு முன், இரவில், வாசலில் நிறுத்தியிருந்த உங்கள் காரை யாரோ இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுக் கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரில் இருந்து அதைப் பென் டிரைவில் எடுத்தீர்கள். கோப்பின் பெயர் டிஏவி என்று முடிகிறது. போனில் திறக்கவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எதிர்ப்பக்கம் யாருக்கும் ஓடவில்லை. பெயரின் கடைசியில் எம்பி4 என்று மாற்றியும் பார்த்துவிட்டீர்கள். இப்போது காவல் நிலையத்திலும் வீடியோ கேட்கிறார்கள். எந்த மென்பொருள் நல்லது என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தெருக்காரர்கள் போனில் திறந்து பார்க்க ஒரு வீடியோ வேண்டும். வண்டி எண் மங்காமல், காவல் நிலையத்தில் கேள்வி எழாமல் ஒரு வீடியோ வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே கோப்பு போதும் என்று நினைப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கேமரா பொருத்துவதும் பழுது பார்ப்பதும் 14 ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் பதிவு டிவிஆருக்குள் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் டிவிஆர் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜிபி ஆகும். 1 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். 500 ஜிபி என்றால் ஆறாம் நாளே மேலெழுதத் தொடங்கியிருக்கும். நீங்கள் எடுத்த கோப்பில் ஏதாவது குறை இருந்து திரும்ப எடுக்கப் போகும்போது அங்கே ஒன்றும் இருக்காது. என் ஆரம்ப காலத்தில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு 'நாளைக்கு வந்து எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் போனேன். எட்டுக் கேமரா, சிறிய டிஸ்க். தேவைப்பட்ட இரவு போய்விட்டிருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது 'எத்தனை டிபி, எத்தனை கேமரா' என்பதைத்தான். சம்பவத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்பு வரை, அந்தக் கேமராவின் பதிவை முழுதாக எடுத்து வையுங்கள். வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது என்பது அதில்தான் தெரியும்.

இனி, பெயரை மாற்றியும் ஏன் ஓடவில்லை என்பது. வீடியோ கோப்பு என்பது அரிசி மூட்டை மாதிரி. உள்ளே இருக்கும் அரிசி, சுருக்கப்பட்ட படம். அது பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற முறையில் இருக்கும். சாக்கு, அந்தப் படங்களை வரிசையாகக் கட்டி வைக்கும் கோப்பு வடிவம். எம்பி4 ஒரு சாக்கு, ஏவிஐ ஒரு சாக்கு, டிஏவி ஒரு சாக்கு. டிஏவி என்பது தாஹுவா நிறுவனத்தின் சொந்தச் சாக்கு. நம் ஊரில் அதிகம் விற்கும் சிபி பிளஸ் பெட்டிகள் பலவற்றிலும் அதுதான் வருகிறது. உள்ளே இருக்கும் அரிசி உங்கள் போனுக்கு நன்றாகத் தெரிந்த அரிசிதான். சாக்கின் வாயை அவிழ்க்கத்தான் அதற்குத் தெரியவில்லை. பெயரை மாற்றுவது சாக்கின் மேல் வேறு பெயரை எழுதுவது. தையல் அப்படியே இருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது சாக்கை மாற்றுவது மட்டும். அரிசியைத் தொடக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் 'கன்வெர்ட்டர்' என்ற பெயர் கொண்ட மென்பொருள்களில் பல, கேட்காமலேயே அரிசியை மாவாக அரைத்து, அந்த மாவைப் புதுச் சாக்கில் கொட்டித் தருகின்றன. அதாவது படத்தைப் பிரித்து மறுபடியும் சுருக்குகின்றன. ஒவ்வொரு மறுசுருக்கத்திலும் நுண்ணிய விவரங்கள் போகும். மரம், சுவர், கார் எல்லாம் அப்படியே தெரியும். வண்டி எண்ணில் 3-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாடு போய்விடும். உங்களுக்கு வேண்டியது அந்த வேறுபாடுதான்.

எளிய வழி உங்கள் டிவிஆருக்குள்ளேயே இருக்கலாம். பேக்கப் எடுக்கும் திரையில் கோப்பு வகை என்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தாஹுவா வகைப் பெட்டிகளில் புதியவற்றில் டிஏவி, எம்பி4 என்று இரண்டும் கொடுத்திருப்பார்கள். முன்னிருப்பாக டிஏவி இருக்கும், யாரும் அதைத் தொடுவதில்லை. மவுஸை வைத்து எம்பி4 என்று மாற்றி, அதே நேர இடைவெளியை இன்னொரு முறை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் பெரும்பாலான பெட்டிகள் அதை ஏற்கும். ஆனால் அந்த முறையில் ஒரே கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது என்பதால், நீண்ட பதிவு துண்டு துண்டாக வரும். அது கோளாறு அல்ல.

அந்தக் கட்டம் இல்லையென்றால், நிறுவனத்தின் சொந்த பிளேயர். தாஹுவாவுக்கு ஸ்மார்ட் பிளேயர், ஹிக்விஷன் நிறுவனப் பெட்டிகளுக்கு விஎஸ் பிளேயர். சில பெட்டிகள் பேக்கப் எடுக்கும்போதே பென் டிரைவில் ஒரு பிளேயரையும் சேர்த்துப் போட்டுவிடும். 'என்னவோ வைரஸ்' என்று நினைத்துப் பலர் அதை அழித்துவிடுகிறார்கள். ஸ்மார்ட் பிளேயரில் கோப்பைத் திறந்து, தேவையான பகுதியைக் குறித்து, எம்பி4 ஆக ஏற்றுமதி செய்யலாம். நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். கோப்பை ஏற்றினால் மாற்றித் தருகிறோம் என்னும் இணையதளங்கள் பக்கம் போக வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், வீடு எப்போது பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கிறது. திருட்டைத் தடுக்க வைத்த கேமராவின் படத்தை முகம் தெரியாத ஒருவரின் கணினியில் நாமே கொண்டுபோய் வைப்பது எனக்கு ஒவ்வாத காரியம்.

நான் அன்றாடம் பயன்படுத்துவது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல். அழகான திரை எதுவும் கிடையாது. கறுப்புச் சாளரத்தில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். அந்த வரியை வாயால் சொல்வதானால்: நிரலின் பெயர், 'மைனஸ் ஐ', உங்கள் டிஏவி கோப்பின் பெயர், 'மைனஸ் சி', 'காப்பி', கடைசியில் எம்பி4 என்று முடியும் புதுப் பெயர். 'காப்பி' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அரைக்காதே, சாக்கை மட்டும் மாற்று என்று அதற்குப் பொருள். இருபது நிமிடப் பதிவு சில வினாடிகளில் மாறிவிடும். அதே கோப்புக்கு ஒரு மென்பொருள் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால் அது அரைத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பழைய பதிப்புகளுக்கு டிஏவி தெரியாது. புதிய பதிப்பை எடுங்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரலாம். கேமராவில் மைக் இருந்தால், ஒலி பெரும்பாலும் ஜி.711 என்ற பழைய தொலைபேசி முறையில் பதிவாகும். எம்பி4 சாக்கில் அதற்கு இடம் கிடையாது. நிரல் சிவப்பில் ஏதோ ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும், 'கோப்பு கெட்டுப்போய்விட்டது' என்று ஆள்கள் கைவிட்டுவிடுவார்கள். கெடவில்லை. படத்துக்கு 'காப்பி', ஒலிக்கு மட்டும் எம்பி4 ஏற்கும் ஒலி முறையான 'ஏஏசி' என்று தனித்தனியாகக் கொடுத்தால் ஓடிவிடும். ஒலி தேவையே இல்லை என்றால் அதை விட்டுவிடச் சொல்லியும் மாற்றலாம். ஆனால் இடித்த சத்தம் பதிவாகியிருந்தால் விடாதீர்கள்.

இன்னொன்று வேகம். எச்264 என்றே முடியும் கோப்புகளைத் தரும் மலிவுப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் பல சமயம் சாக்கே கிடையாது; அரிசியைத் தரையில் குவித்துவைத்த மாதிரி. ஒவ்வொரு படமும் எந்த வினாடிக்கு உரியது என்ற குறிப்பு இல்லாததால், நிரல் தானாக வினாடிக்கு 25 படம் என்று வைத்துக்கொள்ளும். டிவிஆர் 15 படம் வீதம் பதிவு செய்திருந்தால் ஒரு நிமிடக் காட்சி 36 வினாடியில் ஓடி முடிந்துவிடும். ஒரு வீட்டில் இப்படி மாற்றிக் கொடுத்ததில், குடத்தைத் தூக்கிக்கொண்டு நிதானமாக வந்த பாட்டி ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது போல வந்தார். வீடே சிரித்தது. ஆனால் விபத்துக் காட்சியில் அது சிரிப்பு அல்ல. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தவன் ஐம்பதில் வந்தது போலத் தெரிவான். உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் 'மைனஸ் ஃபிரேம்ரேட் 15' என்று கொடுத்தால் சரியாகும். எத்தனை என்பது டிவிஆரின் பதிவு அமைப்பில் இருக்கும். படத்தின் மூலையில் ஓடும் கடிகாரத்தை உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒரு நிமிடம் ஒப்பிட்டாலும் தெரிந்துவிடும். எந்த வழியில் மாற்றியிருந்தாலும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள்.

ஹிக்விஷன் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அவர்கள் கோப்பு எம்பி4 என்றே முடியும், ஆனாலும் சில போன்களில் ஓடாது. வெளியே எழுதியிருப்பது எம்பி4, உள்ளே இருப்பது வேறு வகைச் சாக்கு. அதற்கும் மேலே சொன்ன 'காப்பி' வழியே போதும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. சாக்கை மாற்றிய பிறகும் சில போன்களில் கறுப்புத் திரையும், சிலவற்றில் ஒலி மட்டும் வருவதும் நடந்தால் என்ன காரணம் என்பதை ஊகமாகத்தான் சொல்ல முடியும். உங்கள் பெட்டியின் மாதிரியை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் உள்ளே இருப்பது எச்.265 ஆக இருக்கும். 2013-இல் வந்த அந்த முறை, எச்.264-ஐவிட ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தருகிறது. அதனால் டிவிஆர்காரர்களுக்குப் பிடிக்கும். பழைய போன்களுக்கு அது புரியாது. கணினியிலும் விண்டோஸின் சொந்த பிளேயர் தனியாக ஒரு நீட்டிப்பு கேட்கும். விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்தால் ஓடும். அப்போது மட்டும், பகிர்வதற்கான பிரதிக்கு மட்டும், அரைப்பதைத் தவிர வழியில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். எச்.264 என்று தேர்ந்து, ஆர்எஃப் என்ற தர அளவை 18-க்கும் 20-க்கும் இடையில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். படத்தின் அகல உயரத்தைக் குறைக்காதீர்கள். ஹேண்ட்பிரேக் டிஏவியை நேரடியாகத் திறக்க மறுத்தால், முதலில் சாக்கை மாற்றி அந்த எம்பி4-ஐக் கொடுங்கள்.

அடுத்து வெட்டுவது. இருபது நிமிடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, ஒன்றரை நிமிடம் போதும். லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள் அரைக்காமலேயே வெட்டித் தரும். ஆனால் நீங்கள் குறித்த வினாடியில் சரியாக வெட்டாமல் இரண்டு வினாடி முன்னால் வெட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வீடியோவில் எல்லாப் படங்களும் முழுப் படங்கள் அல்ல. சில வினாடிக்கு ஒரு முழுப் படம், இடையில் 'முந்தையதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்புகள் மட்டும். முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும். ஆகவே தேவைக்குச் சற்று முன்பே குறித்துவிடுங்கள்.

அனுப்புவதில் ஒரே ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப்பே அதை இன்னொரு முறை அரைத்துவிடும். இவ்வளவு நேரம் காப்பாற்றிய வண்டி எண் அங்கே போய்விடும். டாக்குமென்ட் என்ற வழியில் இணைத்தால் கோப்பு உள்ளபடியே போகும். 2 ஜிபி வரை ஏற்கும். வினாடிக்கு 2 மெகாபிட் பதிவு நிமிடத்துக்கு 15 எம்பிதான், எனவே அளவு பிரச்சினையே இல்லை. தெருக் குழுவில் போடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளோ, சம்பந்தமில்லாத அண்டை வீட்டாரோ அந்த ஒன்றரை நிமிடத்தில் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

இவ்வளவு எதற்கு, மானிட்டரை போனில் படம் பிடித்து அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போன மாதம்கூட ஒருவர் அப்படி எடுத்ததைக் கொண்டுவந்து, 'தம்பி, இதில் வண்டி எண்ணைப் பெரிதாக்கிக் கொடு' என்றார். திரை முழுக்கக் கோடுகள் நெளிந்தன, நடுவில் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு, பின்னணியில் குக்கர் விசில். எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. இல்லாத எழுத்தை யாராலும் பெரிதாக்க முடியாது. அவர் வீட்டு டிவிஆரிலிருந்து மூலத்தை எடுத்தபோது கடைசி நான்கு இலக்கமும் படிக்கும்படி இருந்தது. போன் செயலி வழியாக எடுப்பவர்களுக்கும் இதே மாதிரி நடக்கும்: செயலி இணையச் செலவைக் குறைக்க, சப் ஸ்ட்ரீம் என்ற சிறிய படத்தைத்தான் முதலில் காட்டும். மெயின் ஸ்ட்ரீம் அல்லது எச்டி என்று மாற்றிய பிறகே இறக்குங்கள். ஆனால் இரவில், முகப்பு விளக்கு எரிய, வேகமாகப் போன வண்டியின் எண் மூலத்திலேயே பதிவாகாமல் இருக்கலாம். அதற்கு எந்த மாற்றியும் மருந்தாகாது.

காவல் நிலைய விஷயம். நான் வழக்கறிஞர் அல்ல; வழக்கு வரை போகும் என்றால் ஒருவரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு: 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது இணைக்க வேண்டிய, முன்பு 65பி என்று சொல்லப்பட்ட சான்றிதழ், இப்போது 63-ஆம் பிரிவில் வருகிறது. அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றைக் கருவியை வைத்திருப்பவர், அதாவது நீங்கள், கையெழுத்திட வேண்டும்; மற்றொன்றை நிபுணர். கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி; ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற உள்ளமைந்த கட்டளையே அதைக் கணக்கிட்டுத் தரும். அரைக்காமல் சாக்கை மட்டும் மாற்றினாலும் கோப்பு வேறு, ஹாஷ் வேறு. அதனால்தான் டிஏவி மூலத்தை அழிக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன். நிலையத்தில் கொடுக்க வேண்டியது மூலமும், அவர்கள் பார்ப்பதற்கு வசதியாக எம்பி4-உம். ஹார்ட் டிஸ்க்கையே கேட்டால் கொடுத்துவிட்டு, அதன் தொடர் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன் டிவிஆரின் கடிகாரத்தையும் உங்கள் போனின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு ஒரு புகைப்படம் எடுங்கள். மானிட்டரை போனில் படம் பிடிக்க நான் சம்மதிக்கும் ஒரே சந்தர்ப்பம் இது. இன்னொருவர் போனை வாங்கி எடுங்கள். இணைய இணைப்பு இல்லாத பெட்டிகளில் கடிகாரம் மெல்ல மெல்ல விலகிப்போகும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் மின்வெட்டுக்குப் பின் தேதியே எங்கோ போய் நிற்கும். நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்த ஒரு பெட்டியின் பதிவை வைத்து, 'அந்த நேரத்தில் நான் வேறு ஊரில் இருந்தேன்' என்று ஒருவர் டிக்கெட்டைக் காட்டி வாதிட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் இருந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். ஆனால் பதிவை எடுத்து முடிக்கும் வரை கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். திருத்தினால் டிவிஆரில் அந்த நேரத்தைத் தேடுவதே குழப்பமாகிவிடும்.

இதெல்லாம் செய்தும் ஓடவில்லை என்றால், டிஏவி கோப்பின் ஒரு சிறிய துண்டை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குப்பையாகத்தான் தெரியும். தொடக்கத்தில் இருக்கும் நான்கு எழுத்துகள் மட்டும் படிக்க முடியும். டி, எச், ஏ, வி என்று இருந்தால் தாஹுவா வகை. ஐ, எம், கே, எச் என்று இருந்தால் ஹிக்விஷன். வேறு ஏதாவது இருந்தால், அந்த நான்கு எழுத்தையும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.